அச்சு ஆறும் வரை

எங்கள் நெரவிக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். குடகில் பெய்து, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பங்கு பிரிந்து, வழியெல்லாம் வயல்கள் குடித்த மிச்சம் அரசலாறாகக் கடைமடைக்கு வந்து சேரும். அது மேற்கு. கிழக்கே கடல். கோடையில் ஆற்றில் வரத்து நின்றால் முகத்துவாரம் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும். சில வாய்க்கால்களில் சித்திரை மாதம் அள்ளி வாயில் வைத்தால் கரிக்கும். ஐப்பசி பிறந்துவிட்டாலோ மேலிருந்தும் கொட்டும். அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு, திருமலைராயனாறு என்று காரைக்காலின் சின்ன நிலப்பரப்புக்குள் இத்தனை ஆறுகள். இந்த மண்ணில் ஜீப் ஓட்டிப் பிழைத்தவனுக்குச் சாலையைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல அதிகம் இருக்கும்.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடி முதல் ஆழ்கிணறு தோண்டியது 1964இல். அப்போது நான் அரைக்கால் சட்டைப் பையன். எண்பதுகளில் நரிமணம் பக்கம் எண்ணெய் கிடைத்து, எங்கள் நெரவியிலும் ஓ.என்.ஜி.சி. நிலைகொண்ட பிறகு, சுற்று வட்டாரத்தில் ஜீப் வைத்திருந்தவனுக்கெல்லாம் வாடகை ஓட்டம் கிடைத்தது. ஆய்வுக் குழுவினர் வயலுக்குள் கம்பி இழுத்து, குழி தோண்டி, சின்னதாக வெடி வைத்து, பூமிக்கு அடியிலிருந்து திரும்பி வரும் அதிர்வைப் பதிவுசெய்வார்கள். அவர்களையும் அவர்களுடைய பெட்டிகளையும் கொண்டுபோய் இறக்க ஃபோர் வீல் டிரைவ் வண்டி வேண்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி எங்கள் களிமண்ணில் நின்ற இடத்திலேயே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும்.

என்னிடம் இருந்தது மஹிந்திரா எம்.எம்.540. அந்த வண்டிக்குள் இருந்த டீசல் எஞ்சின் பிரான்சின் பெஜோ கம்பெனி வடிவமைத்தது. காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய பெரியவர்களை ‘சொல்தா’ என்போம். அப்படி ஒரு சொல்தா தாத்தா என் வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, “இது எங்க ஆளு” என்று சிரிப்பார். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1இல் நிர்வாகத்தைக் கைமாற்றிவிட்டுப் போனார்கள். எஞ்சின் மட்டும் வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்பது அவர் கணக்கு.

அந்த வயதில் தண்ணீரைப் பார்த்தால் எனக்குக் குஷி வந்துவிடும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது இரண்டு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு போவதுதான் ஓட்டுநருக்கு அழகு என்று நினைப்பு. கரையில் நிற்கும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். இன்று அந்தப் பையனை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அவனைத் திருத்தியது புத்தகமும் இல்லை, பயிற்சியும் இல்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் கீற்றுக்கொட்டகையில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய்தான்.

பாய் அதிகம் பேசமாட்டார். வண்டி உள்ளே வந்ததும் என்ன சத்தம் என்று கேட்கமாட்டார், “எங்கேருந்து வர்றே?” என்றுதான் கேட்பார். வந்த பாதையைச் சொன்னால் வண்டிக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தரைப்பாலத்தில் பாய்ச்சிக்கொண்டு வந்த கதையை நான் பெருமையாகச் சொன்னபோது, வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பின் அச்சின் உருண்டைப் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். “சுடச்சுடக் கொண்டாந்து பச்சத்தண்ணியில எறக்கிருக்கே. உள்ள இழுத்துருக்கும் தம்பி.”

எனக்குப் புரியவில்லை. இரும்புக் கூடு, ஆயில் சீல் இருக்கிறது, எண்ணெய் ஒரு சொட்டுக்கூட வெளியே ஒழுகவில்லை. எண்ணெயை வெளியே விடாத சீல் தண்ணீரை உள்ளே விடுமா?

விடும். ஆயில் சீலின் ரப்பர் உதடு உள்பக்கம் பார்த்தபடி அமைந்திருக்கிறது. உள்ளேயிருந்து அழுத்தம் வந்தால் உதடு தண்டை இன்னும் இறுகப் பற்றும். வெளியேயிருந்து அழுத்தம் வந்தால் உதடு தூக்கிக்கொள்ளும். எண்ணெயைக் காக்க வைத்த காவல்காரனுக்கு வெளியாளைத் தடுக்கத் தெரியாது. ஓட ஓட அச்சுக்குள் பல்சக்கரங்கள் உரசி எண்ணெய் சூடேறும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். விரிந்த காற்று வெளியேறுவதற்காக அச்சின் தலையில் பிரீதர் என்று சின்ன மூச்சுக்குழல் ஒன்றை வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டோடு வண்டியைத் தண்ணீரில் இறக்கினால் கூடு சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், சுருங்கிய இடத்தை நிரப்ப எதையாவது இழுக்கும். பிரீதர் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை இழுக்கும். சேற்றால் அடைத்திருந்தால் சீலின் உதட்டுக்கு அடியில் இழுக்கும். சூடான குழம்பை ஊற்றி மூடிய எவர்சில்வர் தூக்கு ஆறிய பிறகு மூடியைத் திறக்க நம்மைப் படுத்துகிறதே, அதே சமாசாரம்தான்.

பாய் இதைக் கையால் தெரிந்துவைத்திருந்தார். கணக்காக எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து அடுத்த வீட்டுப் பெண். திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் திண்ணையில் பேச்சு வந்தபோது மொபைலில் தட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, உள்ளே 80 டிகிரியில இருந்த காற்று 30 டிகிரிக்கு இறங்கினா ஏழில் ஒரு பங்கு சுருங்கும். எல்லாப் பக்கமும் அடைச்சிருந்தா, அந்த இழுவை கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் ஆழத்துத் தண்ணீர் அழுத்துறதுக்குச் சமம்” என்றாள். முழங்கால் தண்ணீரில் போகும் வண்டியின் சீல், ஆளுயரத் தண்ணீருக்குள் நிற்பதுபோலத் திணறுகிறது. பாய் இருந்திருந்தால் அந்தக் கணக்கைக் கேட்டுத் தலையாட்டியிருப்பார். அதற்குமேல் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்.

அவர் சொன்ன வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் நிறுத்து. வண்டியை விட்டு இறங்கு. பத்து நிமிஷமோ கால் மணியோ நில்லு. புறங்கை வைத்துப் பார், கை தாங்கினால் இறங்கு. இறங்கும்போதும் மெதுவாகப் போ. நின்றுவிடாதே, பாய்ச்சாதே. அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிஷம் சும்மா நிற்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய தண்டனை என்று இளவட்டங்களுக்குத்தான் தெரியும். கூட வந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்ப்பார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்துவிட்டுத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நம்மைத் தாண்டிப் போகும். நான் கரையில் நின்று பீடி பிடிப்பவன்போல வாயில் ஒரு புல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. தாண்டிப் போனவனுக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. வண்டி நன்றாகவே ஓடும். அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான். உள்ளே போன தண்ணீர் எண்ணெயோடு கடைந்து, எண்ணெய் வெளுத்துக் குழம்பாகி, பேரிங் உருளைகளின் பளபளப்பில் முதலில் ஊசிமுனை அளவு துருப்புள்ளி வைத்து, அந்தப் புள்ளி குழியாகி, குழி செதிலாகி, தை மாசத்தில் ஒருநாள் ஊளைச் சத்தம் கேட்கும்போது, ஐப்பசியில் தாண்டிய தரைப்பாலம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கம்பெனி சாமான் மட்டம், ரோடு சரியில்லை, நேரம் சரியில்லை என்பார்கள். தண்ணீர் பாவம், அதன்பேரில் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

எவ்வளவு கொஞ்சம் தண்ணீர் போதும் என்பதையும் சொல்ல வேண்டும். சக்கரத்துக்குள் இருப்பது சாய்வு உருளைகள் அடுக்கிய டேப்பர் ரோலர் பேரிங். குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கர் 1898இல் காப்புரிமை பெற்றது. வண்டி திரும்பும்போது அச்சின் மீது பக்கவாட்டில் விழும் பாரத்தையும் தாங்குவதற்காக அவர் அதை அமைத்தார். அந்த வகைப் பேரிங்குகளை வைத்து 1970களில் ஒரு சோதனை செய்தார்கள். எண்ணெயில் பத்து லட்சத்தில் 25 பங்கு தண்ணீர் இருந்தபோது கிடைத்த ஆயுளில், 100 பங்கு தண்ணீர் கலந்தபோது பாதிகூடக் கிடைக்கவில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு சொட்டுத் தண்ணீர். நாமோ வண்டியை ஆற்றில் இறக்குகிறோம்.

பேரிங் வருவதற்கு முன்பே இதை அறிந்தவர்கள் இருந்தார்கள். என் அப்பா மாட்டுவண்டி வைத்திருந்தவர். வாஞ்சூர் பக்கம் சுங்கச் சாவடி இருந்த காலத்தில் நாகூருக்கும் காரைக்காலுக்கும் பாரம் ஓட்டியவர். ஆற்றில் இறங்கி ஏறிய அன்று ராத்திரி எவ்வளவு களைப்பாக வந்தாலும் அச்சாணியைப் பிடுங்கி, சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய மையைத் துடைத்துவிட்டுப் புது மை போட்டுத்தான் சாப்பிட உட்காருவார். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை. “காலையில போட்டா என்ன?” என்று அம்மா அலுத்துக்கொள்வார். அப்பா பதில் சொல்லமாட்டார். பாயிடம் போன பிறகுதான் அப்பாவின் அந்தப் பிடிவாதம் எனக்குச் சரியாக விளங்கியது.

பிரீதரைப் பற்றி ஒரு கதை. திருமலைராயன்பட்டினம் போகும் பக்கத்தில் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவர் ஆசையாக ஜீப் வாங்கினார். புத்திசாலி. தண்ணீர் பிரீதர் வழியாகத்தான் போகிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, முன்னும் பின்னும் இருந்த பிரீதர் இரண்டையும் பசை வைத்து அடைத்துவிட்டார். திருடன் வரும் வாசலை மூடியாயிற்று என்று நிம்மதி. ஒரு மழைக்காலம் போனது. பாய் பட்டறையில் டிரெயின் நட்டைக் கழற்றியபோது எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்தான் வந்தது. வாசலை மூடியதால் காற்று சீல்களைப் பிய்த்துக்கொண்டு வழி தேடியிருக்கிறது. சூடாகும்போது எண்ணெயை வெளியே தள்ளி, ஆறும்போது தண்ணீரை உள்ளே இழுத்து, சக்கரத்துக்குச் சக்கரம் நாசம். அந்தப் பிள்ளை முகம் வாடி நின்றபோது பாய் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிரீதர் வாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, சேஸிஸ் ஓரமாகவே மேலே கொண்டுபோய், பானெட்டுக்குக் கீழே உயரமான இடத்தில் வளைத்துக் கட்டினார். குழாயின் வாய் கீழ்ப்பார்த்து இருந்தது. “மூச்சு விடட்டும் தம்பி. தண்ணி எட்டாத எடத்துல விடட்டும்.” குழாய்க்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அந்தப் பிள்ளை பிற்பாடு நல்ல வண்டிக்காரர் ஆனார். தெருவில் புதிதாக ஜீப் வாங்கியவன் ஒருவன்விடாமல் பிடித்துவைத்துக் குழாய் உபதேசம் செய்வார்.

முன் அச்சு இன்னும் நுணுக்கமானது. பழைய ஜீப்பில் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் பந்துபோல் ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அதற்குள் அச்சின் மூட்டு. அந்த உருண்டையைச் சுற்றி ஒரு கம்பளி வளையமும் ரப்பரும் பட்டையிட்டு நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் உருண்டை அந்த வளையத்துக்குள் புகுந்து வரும். சேடை வயலில் ஏறி இறங்கி வந்த வண்டியை அப்படியே நிறுத்திவிட்டால் சேறு அந்த உருண்டையில் காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மறுநாள் முதல் திருப்பத்திலேயே வளையத்தை அறுக்கும். அதனால் சாயங்காலம் வண்டியை விடுமுன் ஸ்டியரிங்கை ஒருமுறை முழுக்க இடப்பக்கம், ஒருமுறை முழுக்க வலப்பக்கம் ஒடித்து, ஈரத்துணியால் உருண்டையைத் துடைத்து, எண்ணெய்த்துணியால் ஒரு பூச்சுப் பூச வேண்டும். ஒருமுறை அந்த உருண்டையில் துருக்குழி விழுந்துவிட்டால் அப்புறம் எத்தனை புது வளையம் போட்டாலும் தின்றுகொண்டே இருக்கும். சீலுக்கும் இதே நியாயம்தான். தண்டில் கோடு விழுந்திருக்க, புது சீல் வாங்கி அடித்துவிட்டு, “சீல் டூப்ளிகேட்” என்று கடைக்காரரோடு சண்டைபோட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் போயிருக்கிறதா என்று அறிய பாய் சொன்ன வழி காலையில் பார்ப்பது. ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நின்றால், எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய்த் தங்கும். விடிந்ததும் ஸ்டார்ட் செய்யாமல், அடியில் உள்ள டிரெயின் நட்டைக் கழற்றாமல் கொஞ்சம் மட்டும் தளர்த்தினால், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். சுத்தமான எண்ணெய் சொட்டினால் நட்டை முறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஓடி வந்த சூட்டோடு பார்த்தால் எல்லாம் கலங்கியிருக்கும், சின்ன அளவு பிடிபடாது. சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்; பிறகு கையால் சுழற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனையை அச்சில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எங்கள் வீட்டுக்கு வரும் டாக்டர்கூட அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

சக்கரத்தின் குடமான ஹப்பைப் பிரித்து கிரீஸ் போடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்கும் என் தம்பிக்கும் வரப்புத் தகராறு. அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில், ஒரு துண்டு நிலத்துக்கு வடிகால் எந்தப் பக்கம் என்பதில் வந்த வினை. ஒரு நாள் அவன் என் பக்கத்து மதகை மண் போட்டு மூடிவிட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். நான் அப்போது பட்டறையில் நின்றிருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். என்ன பேசுவது என்பதெல்லாம் மனசுக்குள் தயார். அதில் பாதி, பிள்ளைகள் எதிரில் சொல்லக்கூடாதது. பாய் என் முகத்தைப் பார்த்தார். “முன்சக்கரத்துல சத்தம் இருக்கு. எடுத்துட்டுப் போவாதே” என்று சொல்லிவிட்டு ஜாக்கியை வைத்தார். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் பாய் சொன்னால் மறுபேச்சு இல்லை.

ஹப்பைக் கழற்றி, பேரிங் இரண்டையும் என் கையில் கொடுத்தார். மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னார். ஒவ்வொரு உருளையாகத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வெயிலில் உலர வைத்தோம். காற்றடித்துச் சுழற்றக்கூடாது, காய்ந்த உருளை உரசிக் கெட்டுவிடும். அப்புறம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவில் கிரீஸ் புழுப்புழுவாகப் பிதுங்கும் வரைக்கும் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் மேலே மட்டும் பூசிக்கொள்ளும், உள்ளே காற்று நிற்கும், காற்று நிற்கிற இடத்தில் ஈரம் வந்து உட்காரும். பழைய கிரீஸோடு வேறு வகையைக் கலக்கக்கூடாது. இரண்டும் ஒன்றையொன்று இளக்கி நீர்த்து ஓடிவிடும். சேஸிஸுக்குப் போடும் மலிவான கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, ஆனால் பிரேக் சூட்டில் உருகிவிடும். அதனால் சக்கரத்துக்கு லித்தியம் கிரீஸ். இதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரிந்ததையே பாய் அன்றைக்கு முதல் பாடம்போல ஒவ்வொன்றாகச் சொன்னார். எப்போதும் பேசாத மனிதர் அன்று பேசிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் நட். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்க வேண்டும், உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். அமர்ந்த பிறகு கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்த வேண்டும். பிறகு பூட்டுத் தகடு, வெளிநட். இறுக்கியே வைத்தால் சூடேறி எரியும், தளர விட்டால் ஆடி உடையும். “எறுக்கினதும் கொஞ்சம் விட்டுக்குடுத்துருணும்” என்றார் பாய். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

முடிந்தபோது என் இரண்டு கையும் முழங்கை வரை கிரீஸ். அந்தக் கையோடு யார் வீட்டுக்கும் சண்டைக்குப் போக முடியாது; கதவைக்கூடத் தட்ட முடியாது. சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மதகை மூடியது தம்பி இல்லை, மழையில் கரை சரிந்திருக்கிறது. அவனும் மண்வெட்டியோடு வந்து நின்றான். இரண்டு பேருமாக வெட்டிவிட்டோம். அந்த ஹப்பில் சத்தம் இருந்ததா என்று பாயிடம் நான் கேட்கவில்லை. கூலி எவ்வளவு என்று கேட்டேன். “கிரீஸுக்குக் குடு” என்றார்.

உப்புத்தண்ணீர் என்றால் என்ன என்பதை ஊரே பார்த்தது 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பட்டினச்சேரி, காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு என்று கரையோரக் குப்பங்களைக் கடல் வாரிக்கொண்டு போன காலை. அன்றும் அடுத்து வந்த நாட்களிலும் ஜீப், டிராக்டர், வேன் எது கிடைத்ததோ அதில் ஆட்களை ஏற்றினோம். சோறும் தண்ணீரும் துணியும் கொண்டுபோனோம். கடல் கொண்டுவந்து போட்ட கறுப்புச் சேற்றில் அச்சு மூழ்க ஓட்டினோம். யாரும் பத்து நிமிஷம் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. பேரிங் எல்லாம் மனுஷனுக்குப் பிறகுதான்.

ஆனால் கடல்நீர் தன் வேலையை மறக்காது. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்; இரும்பில் துரு ஏற அதுவே ராஜபாட்டை. நல்ல தண்ணீரில் மாதக்கணக்கில் ஆகும் கேடு கடல்நீரில் சில நாட்களில் ஆகிவிடும். தை பிறப்பதற்குள் அந்த வண்டிகள் ஒவ்வொன்றாக ஊளையிடத் தொடங்கின. பாய்க்கு அப்போது நல்ல வயது, கண் மங்கியிருந்தது. நிவாரணத்துக்கு ஓடிய வண்டி என்றால் வரிசை பார்க்காமல் உள்ளே விடச் சொன்னார். அச்சு, ஹப், பிரேக் டிரம் எல்லாவற்றையும் முதலில் நல்ல தண்ணீரில், குழாயைச் சும்மா பிடித்து, நிறைய நேரம் அலசச் சொல்வார். வேகமாகப் பீய்ச்சும் பம்ப் கூடாது. அந்த வேகம் உப்பைச் சீலுக்குள் தள்ளிவிடும். இப்போது வாட்டர் சர்வீஸ் கடைகளில் சக்கரத்தின் நடுவிலேயே துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்து அடிக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு நாக்கு துறுதுறுக்கும், சொல்லிவிடலாமா என்று. சொன்னால் “பெருசு ஓரமா நில்லு” என்பார்கள்.

2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியபோது இன்னொரு விதமான கேடு. அது ஓட்டிக் கெடுத்தது இல்லை, நின்று கெட்டது. வெள்ளம் சூழ்ந்த கொல்லைகளில் வண்டிகள் நாள்கணக்கில் அச்சுக்கு மேல் தண்ணீரில் நின்றன. வடிந்ததும் ஆளாளுக்கு ஸ்டார்ட் போட்டுப் பார்க்கத்தான் ஓடினார்கள். நின்ற வண்டியை முதலில் உருட்டக்கூடாது. உள்ளே தங்கிய தண்ணீரோடு சக்கரம் சுற்றினால் எல்லாம் கடைந்து எல்லா இடத்துக்கும் பரவும். டிரெயின் நட்டைத் திறந்து, வரும் தண்ணீரை வடித்து, மிச்ச எண்ணெயையும் வடித்து, புது எண்ணெய் ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றுவது கழுவுவதற்கு, இரண்டாவதுதான் ஓட்டுவதற்கு. “ரெண்டு தடவையா?” என்று எல்லாரும் வாயைப் பிளப்பார்கள். அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை, கிரவுனையும் பினியனையும், மாற்ற ஆகும் செலவைச் சொன்னால் வாய் மூடும்.

போன பொங்கலுக்குப் பேரன் சென்னையிலிருந்து புது மஹிந்திரா ‘தார்’ வண்டி ஓட்டிக்கொண்டு வந்தான். “தாத்தா, 650 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் போகலாம்னு கம்பெனியே சொல்லுது” என்றான். சந்தோஷம். டேப்பை எடுத்துவரச் சொல்லி டயரை அளந்தோம். தரையிலிருந்து சக்கரத்தின் நடு 400 மில்லிமீட்டர்கூட இல்லை. “அப்ப 650 தண்ணியில அச்சு ஒரு சாண் உள்ளே இருக்குமேடா” என்றேன். யோசித்தான். அந்த அளவு எஞ்சின் தண்ணீரைக் குடிக்காமலிருக்க. அச்சுக்கு அது உத்தரவாதம் இல்லை. இப்போதைய வண்டிகளில் பல, சக்கர பேரிங்கை ஒரே கட்டாகச் சீல் வைத்துத் தருகின்றன. பிரித்துக் கிரீஸ் போட வழியில்லை, கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். ஆனாலும் அச்சுக்குள் எண்ணெய் உண்டு, எண்ணெய்க்கு மேலே காற்று உண்டு, காற்றுக்கு ஒரு பிரீதர் உண்டு. “அதோட வாய் எங்கே முடியுதுன்னு மட்டும் பார்த்து வச்சுக்க” என்றேன். அடியில் படுத்து டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், அவன் அம்மா என்னைத்தான் முறைத்தாள்.

அரசலாற்று முகத்துவாரம் வரை போய்வர வேண்டும் என்றான். போனோம். ஈர மணலுக்குள் இறங்குமுன் வண்டியை நிறுத்தச் சொன்னேன். “எவ்வளவு நேரம்?” என்றான். டீ சாப்பிடுகிற நேரம் என்றேன். அவன் தன் செல்போனை எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் எனக்கு அது இருந்திருந்தால் காத்திருப்பது இன்னும் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் டிரெயின் நட்டை அவனே தளர்த்தினான். எண்ணெய்தான் சொட்டியது, தண்ணீர் இல்லை. சொட்டியதைப் பிடிக்கக் கீழே ஒரு தகர டப்பாவை நான் முதலிலேயே வைத்திருந்தேன். அதுவும் பாய் பழக்கிய பழக்கம். பட்டறையில் வடித்த எண்ணெய் ஒரு சொட்டையும் அவர் தரையில் விடமாட்டார். பீப்பாயில் சேர்த்து, வேலி மூங்கிலுக்கும் கீற்றுக்கொட்டகைக் கால்களுக்கும் பூசக் கேட்டு வருபவர்களுக்குக் கொடுப்பார். அவர் பட்டறைக்குப் பின்புறம் ஓடியது பாசன வாய்க்கால். அதன் கடைசி மடை என் தம்பி வயலில்தான் இருந்தது.